388-க்கு 1: ஜெனெட் ராங்கின் காட்டியது வீரமா, வீம்பா?

#1 கொள்ளிடக்கரை

ஒரு வாரமாக ஒரு எண் மண்டையை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது. 388-க்கு 1.

1941 டிசம்பர் 8. ஹவாயில் அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரில் ஜப்பான் குண்டு போட்டு ஒரு நாள்தான் ஆகியிருக்கிறது. ஜனாதிபதி ரூஸ்வெல்ட் வந்து பேசிவிட்டுப் போகிறார். செனட்டில் 82 பேரும் போருக்குச் சம்மதம். பிரதிநிதிகள் சபையில் 388 பேர் ஆம் என்கிறார்கள், ஒரே ஒருவர் மட்டும் இல்லை என்கிறார். மொன்டானா மாநிலத்துக் குடியரசுக் கட்சி உறுப்பினர் ஜெனெட் ராங்கின். அப்போது அவருக்கு 61 வயது.

இதே அம்மாதான் 1916-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்குத் தேர்வான முதல் பெண். 1917 ஏப்ரலில் முதல் உலகப்போர் ஓட்டெடுப்பிலும் இல்லை என்றவர். மொத்தம் இரண்டே தடவைதான் சபையில் இருந்தார், இரண்டுக்கும் நடுவே 22 வருடம் வெளியே. இரண்டு தடவையும் போர் அவர் மேசைக்கு வந்து சேர்ந்தது. இரண்டு போருக்கும் எதிராக ஓட்டுப் போட்டவர் காங்கிரசில் வேறு யாரும் கிடையாது.

என் சந்தேகம் இதுதான். 1917 எனக்குப் புரிகிறது. 1941-இல் அடி வாங்கிய மறுநாள், பிணம்கூட எடுத்து முடியாத நேரத்தில், இல்லை என்று சொன்னது கொள்கையா, இல்லை வெறும் வீம்பா? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

#2 இரவுப்பணி

வீம்புதான், இதுல என்ன சார் சந்தேகம். வீட்டுக்குள்ள புகுந்து அடிச்சிட்டுப் போயிட்டான். அப்பவும் "எனக்குச் சண்டை பிடிக்காது"ன்னா அது கொள்கை இல்ல, பொறுப்பு இல்லாத்தனம். 388 பேரும் போர் வெறியர்களா என்ன?

#3 தேர்தல்கணக்கு

வீரம், வீம்பு எல்லாம் அப்புறம் பார்ப்போம். முதலில் 1917 கணக்கைச் சரி செய்துவிடுகிறேன், ஏனென்றால் இணையத்தில் பாதிப் பேர் அப்போதும் இவர் தனியாக நின்றதாக எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த ஓட்டு 373-க்கு 50. இவரோடு 49 ஆண்கள் இல்லை என்றார்கள். அதில் ஒருவர் ஜனநாயகக் கட்சியின் சபைத் தலைவர் கிளாட் கிச்சின். ஜனாதிபதி வில்சனின் சொந்தக் கட்சித் தளபதி!

ஆனால் மறுநாள் பத்திரிகைகளில் அடிபட்டது ராங்கின் பெயர் மட்டும்தான். அழுதார், தேம்பினார், பெண்ணுக்கு இதெல்லாம் தாங்காது என்று எழுதினார்கள். அந்த இரவு சபையில் இருந்த லா கார்டியாவிடம் (பின்னாளில் நியூயார்க் மேயர் ஆனவர், போருக்கு ஆதரவாக ஓட்டளித்தவர்) அந்த அம்மா அழுதாரா என்று கேட்டிருக்கிறார்கள். என் கண்ணிலேயே தண்ணீர், எனக்கு எங்கே தெரிந்தது என்றாராம்.

#4 சியாட்டில்அத்தை

கொஞ்சம் பின்னால இருந்து சொல்றேன், இல்லன்னா இந்த அம்மா வானத்துல இருந்து குதிச்ச மாதிரி ஆயிடும்.

நான் இருக்கறது வாஷிங்டன் மாநிலம். இங்க 1910-லேயே பெண்களுக்கு ஓட்டுரிமை வந்தாச்சு. அந்தப் பிரசாரத்துல வேலை செஞ்சு அரசியல் கத்துக்கிட்டவங்கதான் ஜெனெட். பொறந்தது 1880-ல, மொன்டானாவுல மிசூலா பக்கத்துல ஒரு பண்ணை. 1902-ல மொன்டானா பல்கலைக்கழகத்துல உயிரியல் பட்டம். ஆசிரியை வேலை, தையல் வேலைன்னு எதுலயும் மனசு ஒட்டல. ஓட்டுரிமைப் பிரசாரத்துலதான் ஒட்டிக்கிச்சு. மாநிலம் மாநிலமா சுத்திட்டு ஊருக்குத் திரும்பி வந்து, 1914-ல மொன்டானா பெண்களுக்கும் ஓட்டு வாங்கிக் குடுத்ததுல பெரிய பங்கு. ரெண்டே வருஷத்துல அந்த ஓட்டை வச்சே காங்கிரஸ்.

இதுல வேடிக்கை என்னன்னா, நாடு முழுக்கப் பெண்களுக்கு ஓட்டுரிமை வந்தது 1920-ல. அவங்க சபையில உட்கார்ந்து சட்டத்துக்கு ஓட்டுப் போட்டுக்கிட்டிருந்தப்ப, பல மாநிலத்துல பெண்கள் உள்ளூர்ப் பெட்டிகிட்டக்கூடப் போக முடியாது.

#5 தேர்தல்கணக்கு

அத்தை சொன்னதோடு ஒரு நுணுக்கம். 1916-இல் மொன்டானாவுக்கு இரண்டு இடம், ஆனால் தனித் தொகுதி கிடையாது. மாநிலம் முழுக்க ஒரே தொகுதி, முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள் உள்ளே. முதலில் வந்தவர் ஜனநாயகக் கட்சியின் ஜான் எவன்ஸ், இரண்டாவது ராங்கின். "உன் முதல் ஓட்டை யாருக்கு வேண்டுமானாலும் போடு, இரண்டாவதை எனக்குப் போடு" என்று கேட்க இடம் இருந்தது. அதே தேர்தலில் "நம்மைப் போருக்குள் இழுக்காதவர்" என்று வில்சனுக்கு ஓட்டுக் கேட்டார்கள், மொன்டானாவும் வில்சனுக்குத்தான் போட்டது. அந்த வில்சன் 1917 ஏப்ரல் 2 அன்று போர் கேட்டு வந்து நிற்கிறார். ராங்கின் பதவிப் பிரமாணம் எடுத்ததும் அதே நாள்.

பதவியேற்ற நாளிலேயே இப்படி ஒரு பரீட்சை!

#6 இரவுப்பணி

சரி 1917-ஐ விடுங்க, அது ஐரோப்பாக்காரன் சண்டை. நான் கேக்கறது 1941.

#7 கொள்ளிடக்கரை

தம்பி, 1917-ஐ விட்டுவிட்டு 1941-ஐப் பேச முடியாது. அந்த இரவை மட்டும் சொல்லிவிடுகிறேன். பெயர் கூப்பிட்டு ஓட்டெடுப்பு. முதல் சுற்றில் அவர் பெயர் வருகிறது, பதில் இல்லை. முன்னாள் சபாநாயகர் ஜோ கேனன், கிழவர், பக்கத்தில் வந்து "ஓட்டுப் போடாமல் இருக்காதே, நீ இந்த நாட்டுப் பெண்களின் பிரதிநிதி" என்கிறார். இரண்டாம் சுற்றில் எழுந்து, "நான் என் நாட்டோடு நிற்க விரும்புகிறேன், ஆனால் போருக்கு வாக்களிக்க என்னால் முடியாது" என்றார். பெயர் கூப்பிடும்போது ஆம், இல்லை தவிர வேறு பேச்சுக் கூடாது என்பது சபை மரபு. அந்த ஒரு வாக்கியத்துக்காகவும் திட்டு வாங்கினார்.

பெண்கள் ஓட்டுரிமை இயக்கத்துக்குள்ளேயே கேரி சாப்மன் கேட் போன்ற தலைவர்களுக்கு இது பிடிக்கவில்லை. பெண்கள் தேசபக்தி இல்லாதவர்கள் என்று சொல்லி ஓட்டுரிமையைத் தட்டிவிடுவார்களே என்ற பயம். அவர்கள் பயமும் பொய்யில்லை.

#8 தேர்தல்கணக்கு

இப்போது எல்லோரும் மறந்துவிடும் ஒரு ஓட்டு. 1917 டிசம்பர் 7, ஆஸ்திரியா-ஹங்கேரி மீது போர் அறிவிப்பு. 365-க்கு 1. அந்த ஒரே இல்லை யாருடையது? நியூயார்க் சோஷலிஸ்ட் மேயர் லண்டன் (மேயர் என்பது பதவியில்லை, பெயரே அதுதான்). ராங்கின் அன்று போட்டது ஆம்.

ஏற்கெனவே போரில் இருக்கிறோம், இது அதன் நீட்சி என்று விளக்கம் சொன்னார். போர்க்கடன் பத்திரங்கள் விற்கவும் கூட்டம் பேசினார். ஆகவே வளையவே வளையாத இரும்பு என்று யாரும் சிலை வடிக்க வேண்டாம். வளைந்தும் பார்த்தவர்தான்.

#9 இரவுப்பணி

ஆஹா! இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல. அப்ப கொள்கை எங்க போச்சு?

#10 சியாட்டில்அத்தை

எங்கயும் போகல தம்பி. மறு தேர்தல் வருது, ஊர்ல பெயர் கெட்டுக் கிடக்கு, கையில பெண்கள் ஓட்டுரிமைக்கான அரசியல் சட்டத் திருத்தம் இருக்கு. 1918 ஜனவரியில சபையில அந்த விவாதத்தைத் தொடங்கி வச்சதே அவங்கதான். ஜனநாயகத்துக்காக வெளியூர்ல சண்டை போடறோம்னு சொல்லிட்டு, உள்ளூர்ப் பெண்களுக்கு அதைக் குடுக்காம இருக்கறது எப்படின்னு கேட்டாங்க. 274-136, மூணுல ரெண்டு பங்கு மயிரிழையில கிடைச்சது. அப்புறம் செனட்டுல கவுத்துட்டாங்க, அது வேற கதை. ஆஸ்திரியா ஓட்டை நான் நியாயப்படுத்தல. அரசியல் செஞ்சிருக்காங்க, அவ்வளவுதான். ஆம்பளைங்க செஞ்சா சாணக்கியம்.

#11 மட்டுறுத்துநர்

ஆம்பளை, பொம்பளை சண்டைக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே ராங்கின் மட்டும்.

#12 கீழ்த்தளம்

ரொம்ப நாளா படிக்கிறவன், எழுதறது முதல் தடவை. அப்பா தங்கவயலில் கீழே இறங்கி வேலை பார்த்தவர். அதனால் இந்த அம்மா பெயரை நான் தெரிந்துகொண்டது போர் வழியாக இல்லை, சுரங்கம் வழியாக.

1917 ஜூன் 8, மொன்டானா பியூட் நகரம். கிரானைட் மவுண்டன் என்ற குழியில் மின்கம்பி ஒன்றைக் கீழே இறக்குகிறார்கள். எதற்கு? தீத்தடுப்பு அமைப்பைச் சீர்படுத்த. கம்பி நழுவி விழுகிறது, அதன் உறை கிழிந்து எண்ணெய் தோய்ந்த சுற்றுத்துணி வெளியே தெரிகிறது. என்ன ஆயிற்று என்று பார்க்கப் போனவரின் கார்பைடு விளக்கு அதில் பட்டுப் பற்றிக்கொண்டது. 168 பேர் போனார்கள். பெரும்பாலானவர்கள் நெருப்பில் இல்லை, புகையில். பக்கத்துச் சுரங்கத்துக்குத் தப்பிப் போகும் வழியை கான்கிரீட் சுவர் வைத்து அடைத்திருந்தார்கள். அந்தச் சுவரில் இரும்புக் கதவு வைக்க வேண்டும் என்பது சட்டம், பல இடத்தில் வைக்கவில்லை. மேனஸ் டக்கன் என்ற இளைஞன் 28 பேரைக் கூட்டிக்கொண்டு, துணியும் மண்ணும் வைத்து ஒரு பக்கச் சுரங்கத்தை அடைத்து உள்ளே உட்கார்ந்தான். 25 பேர் பிழைத்தார்கள். டக்கன் பிழைக்கவில்லை. மனைவிக்கு எழுதிய குறிப்பு மட்டும் மேலே வந்தது.

ஆயிரக்கணக்கில் வேலைநிறுத்தம். ராங்கின் அந்த ஆகஸ்டில் பியூட்டுக்கு நேரில் வந்தார். அதே ஆகஸ்ட் முதல் தேதிதான் பிராங்க் லிட்டில் என்ற தொழிற்சங்கக்காரரை அதே ஊரில் இழுத்துப்போய்த் தூக்கில் தொங்கவிட்டிருந்தார்கள். அப்படிப்பட்ட ஊரில் இறங்கி, தேவைப்பட்டால் அரசே சுரங்கங்களை ஏற்று நடத்தட்டும் என்று சபையில் தீர்மானம் கொண்டு வந்தவர் அவர். போர் ஓட்டை விட எனக்கு இதுதான் பெரிய துணிச்சலாகத் தெரிகிறது. போர் ஓட்டுக்கு 49 பேர் துணை இருந்தார்கள், இதற்கு யாரும் இல்லை. அனகோண்டா கம்பெனியின் சுரங்கத்தைப் பற்றி மொன்டானாவில் யார் வாய் திறப்பார்கள்?

#13 தேர்தல்கணக்கு

அருமையான பதிவு, கீழ்த்தளம். ஒரே ஒரு திருத்தம்: விபத்து நடந்த சுரங்கம் அனகோண்டாவுடையது இல்லை, நார்த் பியூட் என்ற வேறு கம்பெனியுடையது. ஆனால் வேலைநிறுத்தத்தின் எதிர்ப்பக்கம் நின்ற பெரிய கை அனகோண்டாதான். மொன்டானாவின் பெரிய பத்திரிகைகள் பலவும் அதன் கையில் இருந்தன, 1959 வரை.

1918-இல் ராங்கின் தோற்றதற்குப் போர் ஓட்டு மட்டும் காரணமில்லை என்று நான் சொல்வதற்கும் இதுதான் அடிப்படை. மாநில சட்டமன்றம் மொன்டானாவை இரண்டு தொகுதியாக வெட்டியது. அவர் இருந்த மேற்குப் பகுதி ஜனநாயகக் கட்சி பலமாக இருந்த இடம். கத்தரிக்கோல் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரிந்தே வெட்டினார்கள் என்பது என் அபிப்பிராயம். அதனால் செனட்டுக்கு நின்றார். கட்சி உள்தேர்தலில் 2,000-க்கும் குறைவான ஓட்டில் தோல்வி. போர் ஓட்டு மட்டும்தான் அவரைக் கொன்றது என்றால் அத்தனை நெருக்கத்தில் வந்திருக்கவே முடியாது. பிறகு சிறு கட்சி ஒன்றின் சார்பில் நின்று மூன்றாவதாக வந்தார்.

#14 கீழ்த்தளம்

திருத்தத்துக்கு நன்றி. அப்பா இருந்திருந்தால் கம்பெனிப் பெயரை இப்படிக் குழப்பியதற்கு என்னை உதைத்திருப்பார்.

#15 இரவுப்பணி

சுரங்கம், ஓட்டுரிமை எல்லாத்துக்கும் என் சலாம். நிஜமாத்தான். ஆனா மறுபடியும் கேக்கறேன், 1941?

#16 கொள்ளிடக்கரை

வருகிறேன். 1918-க்கும் 1940-க்கும் நடுவில் அவர் சும்மா இருக்கவில்லை. தெற்கே ஜார்ஜியாவில் மின்சாரம்கூட இல்லாத ஒரு சின்ன வீட்டில் இருந்துகொண்டு ஊர் ஊராகப் போய்ப் போர் எதிர்ப்புப் பேசினார். 1928-இல் ஜார்ஜியா சமாதானச் சங்கம் தொடங்கினார். அடுத்த பத்து வருடம் வாஷிங்டனில் போர்த்தடுப்பு அமைப்பு ஒன்றுக்காக உறுப்பினர்களின் வாசல்களில் ஏறி இறங்கினார். தாய்-சேய் நலத்துக்கு மத்திய அரசு பணம் தர வேண்டும் என்று பதவியில் இருந்தபோது அவர் கொண்டுவந்த யோசனைதான் 1921-இல் வேறு இருவர் பெயரில் சட்டமானது.

1940-இல் திரும்ப மொன்டானாவுக்கு வந்து நின்றார். உள்தேர்தலில் யாரைத் தோற்கடித்தார் தெரியுமா? ஜேக்கப் தோர்கெல்சன். அதே கட்சியின் பதவியிலிருந்த உறுப்பினர், யூத வெறுப்பைச் சபைக் குறிப்பேட்டிலேயே பக்கம் பக்கமாக ஏற்றியவர். "போருக்குப் போகாதே என்றவர்கள் எல்லாம் ஹிட்லர் அனுதாபிகள்" என்று ஒரே மூட்டையாகக் கட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும்.

அந்தத் தேர்தலில் அவர் கேட்ட ஓட்டே "நம் பிள்ளைகளை வெளிநாட்டுப் போருக்கு அனுப்ப மாட்டேன்" என்பதற்குத்தான். உயர்நிலைப் பள்ளிகளாகத் தேடிப் போய்ப் பேசினார். சொல்லி வாங்கிய ஓட்டு தம்பி. ஒரு வருடத்தில் மாற்றிப் போட்டிருந்தால் நாமே "பச்சோந்தி" என்று இழை தொடங்கியிருப்போம்.

#17 இரவுப்பணி

வெளிநாட்டுப் போர்னுதானே சொன்னாங்க? ஹவாய் வெளிநாடா? வாக்குறுதி குடுத்தப்ப இருந்த நிலைமை வேற. மழை வராதுன்னு சொல்லிட்டு, கொட்டும்போது குடை பிடிக்க மாட்டேன்னு நிக்கறது என்ன நியாயம்?

#18 சியாட்டில்அத்தை

குடை உதாரணம் நல்லாத்தான் இருக்கு. ஆனா அன்னிக்கு என்ன நடந்ததுன்னும் பாரு. விவாதத்துல ஒரு வார்த்தை பேச விடுங்கன்னு திரும்பத் திரும்ப எழுந்தாங்க. சபாநாயகர் ரேபர்ன் கண்டுக்கவே இல்ல. சக உறுப்பினர் ஒருத்தர் "உட்காரும்மா"ங்கற தொனியில அதட்டினார். அவங்க கட்சிக்காரங்களே, டர்க்சன் உட்பட, மாத்திப் போடு, இல்லன்னா விலகியாவது இருன்னு கெஞ்சிப் பார்த்தாங்க. "பெண் என்பதால் என்னால் போருக்குப் போக முடியாது, வேறு யாரையும் அனுப்பவும் மாட்டேன்"னு சொல்லிட்டாங்க. வெளிய வந்தா கூட்டம் சூழ்ந்துக்கிச்சு. ஒரு டெலிபோன் கூண்டுக்குள்ள புகுந்து கதவைச் சாத்திக்கிட்டு, போலீஸ் வந்து கூட்டிட்டுப் போறவரைக்கும் உள்ளயே நின்னாங்க. அந்தப் போட்டோ இருக்கு. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால தொப்பி போட்ட ஒரு அம்மா, காதுல ரிசீவர்.

அக்கா தம்பி பாசம் எப்படின்னும் கேளு. தம்பி வெலிங்டன் பெரிய வக்கீல், தேர்தல் செலவெல்லாம் பாத்தவர். "மொன்டானா நூற்றுக்கு நூறு உனக்கு எதிர்"னு தந்தி.

மூணு நாள் கழிச்சு ஜெர்மனி, இத்தாலி ஓட்டு வந்தப்ப ஆமும் சொல்லல இல்லையும் சொல்லல. "இருக்கிறேன்"னு மட்டும் பதிவு பண்ணிட்டாங்க.

#19 தேர்தல்கணக்கு

இங்கே ஒரு ஒப்பீடு தேவை. 2001 செப்டம்பர் 14, இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்கு மூன்றாம் நாள், படைபலத்தைப் பயன்படுத்த ஜனாதிபதிக்கு அனுமதி தரும் தீர்மானம். சபையில் 420-க்கு 1. அந்த ஒன்று பார்பரா லீ, கலிபோர்னியா. கொலை மிரட்டல், காவல் பாதுகாப்பு எல்லாம் நடந்தது. ஆனால் தொகுதி அவரைக் கைவிடவில்லை. 2025 தொடக்கம் வரை உறுப்பினராக இருந்தார், இப்போது ஓக்லண்ட் மேயர் (இந்தத் தடவை பதவிதான்). ராங்கின் 1942-இல் நிற்கவே இல்லை, நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவருக்கே தெரிந்திருக்கும்.

இரண்டு பேர் தைரியத்தையும் நான் எடை போடவில்லை. தொகுதியை எடை போடுகிறேன். ஓக்லண்டும் பெர்க்லியும் வியட்நாம் காலத்திலிருந்தே போர் எதிர்ப்புக்குப் பழகிய மண். மேற்கு மொன்டானாவுக்கு அந்த வாய்ப்பு இல்லை. இன்னொன்று, லீ எதிர்த்தது எல்லை வரையாத ஒரு அனுமதிக் கடிதத்தை. அது அடுத்த இருபது வருடம் எந்தெந்த நாட்டுக்கெல்லாம் இழுக்கப்பட்டது என்று பார்த்த பிறகு பலரும் அவர் பக்கம் வந்தார்கள். 1941 ஓட்டுக்கு அந்த மாதிரித் தீர்ப்பு வரவே வராது, ஏனென்றால் அந்தப் போரின் மறுமுனையில் ஆஷ்விட்ஸ் என்ற நாஜி வதைமுகாம் இருந்தது. இதில் நான் இரவுப்பணி பக்கம்.

#20 இரவுப்பணி

வாங்க வாங்க. டீ சொல்றேன்.

இன்னொன்னும் தோண்டி எடுத்தேன். 1942 டிசம்பர் 8, பதவி முடியப் போற நேரம், சரியா வருஷம் திரும்புற அன்னிக்கு, சபைக் குறிப்பேட்டுல பேர்ல் ஹார்பர் பத்தி ஒரு கேள்விப் பட்டியலை ஏத்திட்டுப் போயிருக்காங்க. வணிகத் தடை போட்டு ஜப்பானைச் சீண்டினது ரூஸ்வெல்ட்தான்கற சாயல். போர் வேண்டாம்னு சொல்றது ஒண்ணு, அடிச்சவனை விட்டுட்டு அடி வாங்கினவன் மேல பழி போடறது இன்னொண்ணு. இது எனக்குச் செரிக்கவே இல்ல.

#21 கொள்ளிடக்கரை

இதை நான் மறுக்கப் போவதில்லை. அந்த உரையைப் பற்றி அவரைக் கொண்டாடுகிறவர்கள் வாயே திறப்பதில்லை, அது தப்பு.

ஆனால் நான் தொடங்கிய கேள்வியில் கொஞ்சம் நகர்ந்திருக்கிறேன். போர் தேவையா இல்லையா என்பது ஒரு கேள்வி. ஒரு சபையில் ஒருவர்கூட இல்லை சொல்லக் கூடாதா என்பது வேறு கேள்வி. ஓட்டெடுப்பு என்று வைத்துவிட்டு, ஒரே பதில்தான் சரி என்றால் பிறகு பெயர் எதற்குக் கூப்பிட வேண்டும்? அவரைப் பேச விடாத ரேபர்ன் மேல்தான் எனக்கு இப்போது கோபம்.

#22 கீழ்த்தளம்

ஒரு தகவல் கேள்வி. பிறகு அவர் இந்தியாவுக்கு வந்தாரா? எங்கோ படித்த ஞாபகம்.

#23 சியாட்டில்அத்தை

வந்தாங்க. 1946-லேருந்து ஏழு தடவை. காந்தி வழி என்னன்னு பார்க்கணும்னு வந்தவங்க. இங்க ஊர்ல பெயர் கெட்டு, ஏறக்குறைய இருபது வருஷம் யாரும் கூப்பிட்டுப் பேசல. அப்புறம் வியட்நாம் வந்தது, திரும்பவும் ஆள் தேடி வந்தாங்க.

1968 ஜனவரி 15, வாஷிங்டன்ல சுமார் 5,000 பெண்கள் ஊர்வலம், பேரே "ஜெனெட் ராங்கின் படை". அவங்களுக்கு 87 வயசு, முன்னால நடந்தாங்க, பக்கத்துல மார்ட்டின் லூதர் கிங்கோட மனைவி கொரெட்டா ஸ்காட் கிங். கேப்பிடல்ங்கற நாடாளுமன்றக் கட்டட வளாகத்துக்குள்ள கூட்டமா வரக்கூடாதுன்னு 1882-ல போட்ட ஒரு சட்டத்தைக் காட்டிப் போலீஸ் நிறுத்திட்டாங்க. வழக்குப் போட்டாங்க. 1972-ல அந்தச் சட்டமே செல்லாதுன்னு தீர்ப்பு, உச்ச நீதிமன்றமும் உறுதி பண்ணுச்சு. இன்னிக்கு அந்தப் படிக்கட்டு முன்னால பதாகை பிடிக்கிற எந்தக் கட்சிக்காரனுக்கும் அந்த உரிமைல இவங்க பங்கு உண்டு. 1973 மே மாசம் காலமானாங்க.

#24 தேர்தல்கணக்கு

அந்த 1968 நாளில் ஒரு துணுக்கு உண்டு. உள்ளே போக அனுமதி கிடைத்த சின்னக் குழு மனுவோடு சந்தித்த தலைவர்களில் ஒருவர் செனட் பெரும்பான்மைத் தலைவர் மைக் மான்ஸ்ஃபீல்ட். மொன்டானாக்காரர். 1942-இல் ராங்கின் காலி செய்த அதே இடத்தில் ஜெயித்து உள்ளே வந்தவர். அவருக்கும் அந்த நேரம் வியட்நாம் போர் பிடிக்கவில்லை, ஜனாதிபதி ஜான்சனோ அவர் கட்சிக்காரர். அந்த அறையில் இருவரும் என்ன முகத்தோடு பார்த்துக்கொண்டார்கள் என்று நான் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

#25 இரவுப்பணி

இது நல்லா இருக்கு. 1941 ஓட்டுல நான் மாறல, சொல்லிட்டேன். ஆனா தலைப்புல "வீம்பு"ன்னு இருக்கறதை எடுத்துடலாமா சார்? 1968 வரைக்கும் ஒருத்தர் வீம்புக்கா நடப்பாங்க?

#26 மட்டுறுத்துநர்

பதில்கள் வந்த பிறகு தலைப்பை மாற்ற முடியாது. விதி எண் 4.

#27 சியாட்டில்அத்தை

வர்ற ஜூலைல மிசூலா வழியா பியூட் போறோம். அந்தச் சுரங்கத்துக்கு எதிர்ல நினைவிடம் இருக்கு, உள்ள மாட்டினவங்க எழுதின குறிப்புகளைப் பொறிச்சு வச்சிருக்காங்களாம். கீழ்த்தளம், அப்பா பேரைத் தனிமடல்ல அனுப்புங்க. அங்க ஒரு நிமிஷம் நிக்கறப்ப நினைச்சுக்கறேன். போட்டோ இதே இழைல போடறேன்.